போன் மாற்றுகிறீர்களா? பழைய போனை அன்றைக்கே யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்

குவைத்திலிருந்து லீவுக்கு வந்த அண்ணன் மைனிக்கு ஒரு ஐபோன் 17 கொண்டுவந்திருந்தார். குமரி மாவட்டம் கருங்கல் ஊரில் வீடு. சாயங்காலம் நான் போனபோது மைனி கையில் ஊக்கை வைத்துக்கொண்டு போனின் நாலு பக்கமும் சிம் ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். கவர் மறைத்திருக்குமோ என்று கழற்றி, நகத்தால் ஓரத்தைச் சுரண்டியும் பார்த்தாயிற்று. "மக்கா, இதுல ஓட்டையே காணலியே, போலிப் போனா இருக்குமோ?" என்றார்.

போலி இல்லை. குவைத், சவுதி, கத்தார், ஓமன், பஹ்ரைன், அமீரகம் ஆகிய நாடுகளில் விற்கும் ஐபோன் 17-இல் சிம் போடும் இடமே கிடையாது, இசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) மட்டும்தான். அமெரிக்காவில் 2022-இல் வந்த ஐபோன் 14 முதலே அப்படித்தான். இந்தியாவில் விற்கும் 17-இல் ஒரு சாதா சிம்மும் போடலாம், இசிம்மும் வைக்கலாம். நம்ம மாவட்டத்தில் பாதி ஐபோன்கள் கடையில் வாங்கியவை இல்லை, வளைகுடாவிலிருந்து பெட்டிக்குள் வந்தவை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கச் சொல்வதற்கு முன் "எந்த நாட்டு மாடல்?" என்று கேளுங்கள். அமீரகத்தில் வாங்கிய போனில் ஃபேஸ்டைம் என்ற ஆப்பிளின் வீடியோ கால் வசதி இல்லாமல் போகலாம், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அன்றிரவு நடந்த குளறுபடிக்கு நான்தான் காரணம். சிம் ஓட்டை இல்லையென்றால் என்ன, இசிம்மாக மாற்றிவிடலாம் என்று அப்போதே மாற்றிக்கொடுத்தேன். பழைய ஆண்ட்ராய்டு போனில் இருந்த சிம் செத்தது, புதிய போனில் சிக்னல் வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் அண்ணன் மகன் பழைய போனை எடுத்துப்போய் ரீசெட் அடித்து கேம் ஏற்றிவிட்டான். அப்புறம்தான் தெரிந்தது, சிம்மை மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் ஓடாது. மோசடிக்காரர்கள் நம் நம்பரை வேறு சிம்முக்கு மாற்றி ஓடிபியைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த கட்டுப்பாடு அது, நல்லதுதான். ஆனால் யுபிஐ ஆப்பைப் புதுப் போனில் பதிவதற்கு அந்த நம்பரிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போயாக வேண்டும். போகவில்லை. மறுநாள் காலை வாசலில் மீன்காரம்மா நெத்திலியை நிறுத்துக் கொடுத்துவிட்டு அட்டையை நீட்டியபோது மைனியிடம் ஸ்கேன் பண்ண எதுவும் இல்லை, பக்கத்து வீட்டில் நூறு ரூபாய் கைமாற்று வாங்கினார்.

இரண்டாம் நாள் யுபிஐ திறந்தது. அதிலும் ஒரு கண்ணி. புதுப் போனில் பதிந்ததும் பொதுவாக முதல் 24 மணி நேரத்துக்கு மொத்தமே 5000 ரூபாய்தான் அனுப்ப முடியும். சில வங்கிகள் ஐபோனுக்கு இந்தக் கட்டுப்பாட்டை இன்னும் நீட்டுகின்றன. டைல்ஸ் கடைக்கு அன்றே 40,000 கொடுக்க வேண்டியிருந்தது, அண்ணன் ஏடிஎம்முக்கு ஓடினார். கல்யாணம், வீட்டு வேலை, காலேஜ் ஃபீஸ் கட்டும் வாரத்தில் போன் மாற்றவே மாற்றாதீர்கள். ஐபோனில் அந்த எஸ்எம்எஸ் தானாகப் போகாது, மெசேஜ் திரை திறக்கும், நாம்தான் அனுப்பும் பட்டனைத் தட்ட வேண்டும். அதைப் பார்க்காமல் "லோடிங்" என்று உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய பேர்.

வாட்ஸ்அப் கதை இதைவிட மோசம். எஸ்எம்எஸ் வராததால் போன் கால் வழியாகச் சரிபார்த்துத் திறந்தோம். திறந்தது, காலியாக. "கூகுள் டிரைவில் பேக்கப் இருக்கே" என்றார் அண்ணன். இருக்கிறது, ஆனால் அந்த பேக்கப்பை ஐபோன் வாட்ஸ்அப்பால் எடுக்க முடியாது. ஐபோன் ஐகிளவுடிலும் ஆண்ட்ராய்டு கூகுளிலும் வைக்கும், ஒன்று வைத்ததை மற்றதால் எடுக்க முடியாது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குச் சாட்டை நேராக நகர்த்தும் வசதி 2022-இல்தான் வந்தது. ஆண்ட்ராய்டில் 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற ஆப்பை இறக்கி, ஐபோனை முதன்முதலாகத் தயார்படுத்தும்போதே, "ஆண்ட்ராய்டிலிருந்து தகவலை நகர்த்து" என்ற இடத்தில் இரண்டையும் இணைக்க வேண்டும். நகர்த்த வேண்டிய பட்டியலில் வாட்ஸ்அப்பையும் தேர்ந்தெடுக்க வேண்டும், இதைத்தான் பலர் விடுகிறார்கள். இரண்டு போனும் சார்ஜரில் இருக்கட்டும், இரண்டிலும் வாட்ஸ்அப்புக்கு ஒரே நம்பர் இருக்கட்டும். ஐபோனைத் தயார்செய்து முகப்புத் திரைக்கு வந்துவிட்ட பிறகு ஞாபகம் வந்தால், மொத்தமாக அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதுதான் வழி.

நாங்கள் அதைத்தான் செய்தோம். பையனிடமிருந்து பழைய போனைப் பிடுங்கி, மைனியின் கூகுள் கணக்கைத் திரும்பப் போட்டு, அதிலேயே வாட்ஸ்அப்பை ஏற்றி, டிரைவ் பேக்கப்பை ஆண்ட்ராய்டில் மீட்டு, ஐபோனை அழித்து (அழிக்கும்போது இசிம்மை மட்டும் அழிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும், போனே கேட்கும்), பிறகு நகர்த்தினோம். ராத்திரி பதினொன்றரை. எல்லாம் வந்தது, ஆனால் பேக்கப் மூன்று வாரம் பழசு. மகளிர் குழுவில் யார் தவணை கட்டினார்கள், யார் கட்டவில்லை என்று மைனி குறித்து வைத்திருந்த அந்த மூன்று வாரக் கணக்கு போயே போய்விட்டது. பிறகு ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டு நோட்டில் எழுதினார்.

ஆக, வரிசை இதுதான். முதலில் அன்றைய தேதிக்கு பேக்கப், பிறகு பழைய சிம் உயிரோடிருக்கும்போதே வாட்ஸ்அப் நகர்த்தல், அதற்குப் பிறகு இசிம், மறுநாள் வங்கி. சம்பளமோ சீட்டோ வரும் நாளாக இல்லாமல், வெளி வேலை எதுவும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பிஎஸ்என்எல் சிம் வைத்திருப்பவர்கள், பேச்சிப்பாறை குலசேகரம் பக்கம் நிறைய பேர் உண்டு, இசிம் எப்படி வாங்குவது என்று சேவை மையத்தில் கேட்டுவிட்டுப் பிறகு போனுக்குச் சொல்லுங்கள்.

காண்டாக்ட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஆட்கள் பலரும் நம்பர்களை சிம்மிலோ போன் மெமரியிலோ வைத்திருப்பார்கள், கூகுள் கணக்கில் இருக்காது. இசிம்முக்குப் போனால் பழைய சிம் அட்டையில் இருக்கும் நம்பர்கள் அந்த அட்டையோடு நின்றுவிடும். முதலில் எல்லாவற்றையும் கூகுள் கணக்குக்கு நகர்த்திவிடுங்கள், அதே கணக்கை ஐபோன் செட்டிங்கில் சேர்த்தால் தானாக வந்துவிடும்.

புகைப்படத்தில் நடக்கிற தவறு வேறு மாதிரி. கூகுள் இலவசமாக 15 ஜிபி தருகிறது, ஐகிளவுட் 5 ஜிபி. மாறியவர்கள் இரண்டையும் ஓடவிட்டு, இரண்டும் நிறைந்து, இரண்டுக்கும் மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் ஃபோட்டோஸ் ஐபோனிலும் நன்றாகவே ஓடும். அதில் இடம் போதவில்லை என்று ஒரு படத்தை டெலீட் செய்தால் போனிலும் சேர்ந்தே போகும். போனில் மட்டும் இடம் காலி பண்ண அதற்கென்று தனி பட்டன் இருக்கிறது.

சரி, எதற்காக மாறுகிறோம்? என்னிடம் கேட்டு மாறியவர்களில் கேமரா என்றோ ஸ்பீடு என்றோ சொன்னவர்கள் குறைவு. அத்தான் கொண்டுவந்தது, காலேஜில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டில் கொடுத்தது, இதுதான் காரணம். இதில் தப்பொன்றும் இல்லை, அடுத்தவன் கையில் இருக்கும் போன்தான் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கும் போன். ஆனால் இந்தியாவில் பத்து போனில் ஒன்பதுக்கு மேல் ஆண்ட்ராய்டுதான். வீட்டில் அம்மா, அப்பா, தம்பி எல்லோரும் ஆண்ட்ராய்டு என்றால் ஐபோனுக்குள்ளேயே நடக்கும் வசதிகள் பாதி உங்களுக்கு வேலைக்கு ஆகாது. கையில் சாம்சங் கேலக்ஸி வாட்ச் 4-ஓ அதற்குப் பிந்தியதோ இருந்தால் அது ஐபோனோடு சேராது, ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டோடு சேராது. காசு கொடுத்து வாங்கிய ஆப்களையும் மறுபடி வாங்க வேண்டியிருக்கும். மாதச் சந்தா ஏதாவது ஓடினால் பழைய போனிலேயே ரத்து செய்துவிடுங்கள். தமிழில் எழுதுவதற்குப் பயப்பட வேண்டாம், 2013-இல் வந்த ஐஓஎஸ் 7 முதலே தமிழ் 99, அஞ்சல் என்ற இரண்டு தமிழ் விசைப்பலகைகளும் ஐபோனுக்குள்ளேயே இருக்கின்றன, அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகியவர்களுக்கு அஞ்சல் கைக்கு வந்துவிடும்.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குத் திரும்பி வருகிறவர்கள் ஐமெசேஜை (ஐபோன்களுக்குள் ஓடும் மெசேஜ் வசதி) அணைத்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் வெளிநாட்டில் ஐபோன் வைத்திருக்கும் மகன் அனுப்பும் மெசேஜ் பழைய போனைத் தேடிப்போகும். விற்பதற்கு முன் ஐகிளவுட் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், இல்லையென்றால் வாங்கியவர் அதைத் திறக்கவே முடியாமல் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். ஆண்ட்ராய்டிலும் கூகுள் கணக்கை எடுத்துவிட்டுத்தான் ரீசெட் அடிக்க வேண்டும்.

மைனியின் பழைய போன் இப்போது பீரோவுக்கு மேல் இருக்கிறது. பத்து நாளுக்கு யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பையன் தினமும் நாற்காலி போட்டு ஏறி அது அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறானாம்.