விளைச்சலையும் குழந்தைகளின் ஊட்டச்சத்தையும் முன்கணிக்க ஒரு மாடல்: எப்படித் தொடங்குவது?

மெஷின் லேர்னிங் (பழைய தரவிலிருந்து கணினியே கணிக்கக் கற்கும் முறை; அப்படிக் கற்றதுதான் மாடல்) கற்றுக்கொண்டு என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் "எந்த மாடல் நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் கணிப்பை யார், எந்தத் தேதியில் கையில் வாங்கப் போகிறார்கள்?" என்பதை. விளைச்சல் குறையுமா என்று அறுவடைக்கு இரண்டு மாதம் முன்னால் தெரிந்தால்தான் தானியத்துக்கு ஏற்பாடு செய்ய முடியும். அப்படியானால் அந்தத் தேதிக்குப் பிறகு பெய்த மழை மாடலுக்குள் நுழையவே கூடாது. தேதியை முதலில் ஒரு தாளில் எழுதிவையுங்கள். மற்றதெல்லாம் அதற்குக் கட்டுப்பட்டது.

அடுத்தது, எதைக் கணிக்கிறோம் என்பது. குழந்தைகளின் ஊட்டச்சத்தை எடுத்துக்கொண்டால், வளர்ச்சி குன்றிய குழந்தை யார் என்பதற்குத் தெளிவான வரையறை இருக்கிறது: உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சித் தரப்படி, அந்த வயதுக்குரிய நடு உயரத்திலிருந்து 2 திட்டவிலக்கத்துக்கும் (மதிப்புகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) கீழே இருக்கும் குழந்தை. வரையறை தெளிவு, அளவீடுதான் சிக்கல். பிறந்த தேதி சரியாகத் தெரியாத இடங்களில் வயதை 24 மாதம், 36 மாதம் என்று முழு ஆண்டாகச் சொல்லிவிடுவார்கள். வயது சில மாதம் மாறினாலே குழந்தை கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விடும். அதனால் முதல் வேலையாக மாத வாரியாக ஒரு வரைபடம் போட்டு, அந்த எண்களில் கூட்டம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 6 திட்டவிலக்கத்தைத் தாண்டிய மதிப்புகள் அளவீட்டுப் பிழை என்றே கொள்ளப்படுகின்றன, அவற்றை நீக்கிவிடுங்கள்.

நேரடியாக அளக்க முடியாததற்குப் பதிலாக வேறொன்றை வைக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று சொல்ல, மருத்துவச் செலவைக் கணிக்கும் ஒரு மாடல் பயன்பாட்டில் இருந்தது. கறுப்பின நோயாளிகளுக்குச் செலவிடப்பட்டதே குறைவு. அதனால் அதே அளவு நோய் இருந்தும் அவர்களைத் தேவை குறைந்தவர்களாக அது காட்டியது. 2019இல் ஓர் ஆய்வு இதை வெளிக்கொண்டுவந்தது.

சரி, உள்ளீடுகள், அதாவது மாடலுக்குள் கொடுக்கும் தரவுகள். மழைக்கு, செயற்கைக்கோளையும் மழைமானிகளையும் சேர்த்துக் கணித்த 'சிர்ப்ஸ்' தரவு 1981இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. பயிரின் பசுமைக்கு, 10 மீட்டர் நுணுக்கமுள்ள சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை எடுக்கலாம். நீண்ட வரலாறு வேண்டுமென்றால் 2000இலிருந்து உள்ள மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் படங்கள். படத்தில் பதிவான அண்மை அகச்சிவப்பு ஒளியின் அளவிலிருந்து சிவப்பு ஒளியின் அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் என்டிவிஐ என்ற பசுமைக் குறியீடு வரும். மேகம் மறைத்த படங்களை விலக்கிவிட்டுக் கணக்கிடுங்கள். ஆண்டு மழை மொத்தத்தை அப்படியே போடுவதை நான் விரும்புவதில்லை. பூக்கும் நேரத்து வெப்பமும் விதைப்புக்குப் பின் வந்த வறண்ட நாட்களும் விளைச்சலைப் பற்றி அதிகம் சொல்லும்.

பல நாடுகளில் வீடு வீடாக நடத்தப்பட்ட டிஎச்எஸ் என்ற குடும்ப நலக் கணக்கெடுப்புகளோடு இவற்றை இணைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மக்களின் அடையாளத்தைக் காக்க, கணக்கெடுத்த ஊர்களின் இடப்புள்ளிகளை வேண்டுமென்றே நகர்த்தித்தான் தருகிறார்கள்: நகரங்களில் 2 கிலோமீட்டர் வரை, கிராமங்களில் 5 வரை, கிராமங்களில் ஒரு சதவீதத்தை மட்டும் 10 வரை. ஆக, புள்ளி விழுந்த வயலின் பசுமையை எடுப்பதில் பொருளில்லை. சுற்றுவட்டாரத்தின் சராசரியை எடுங்கள்.

இனி வருவதுதான் என் மனசுக்கு மிக முக்கியமான பகுதி. தரவைக் குலுக்கிப் போட்டு, 80 பங்கு மாடலின் பயிற்சிக்கு, 20 பங்கு அதைச் சோதிக்க என்று பிரிக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு ஒரே மழை, ஒரே மண், ஒரே சந்தை. ஒன்று பயிற்சியிலும் மற்றது சோதனையிலும் இருந்தால், கேள்வித்தாளை முன்பே பார்த்துவிட்டுத் தேர்வு எழுதுவது போல மதிப்பெண் வரும். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளும் அப்படித்தான். புதிய மாவட்டத்தில் பயன்படுத்தப் போகிறீர்களா? முழு மாவட்டங்களை ஒதுக்கிவைத்துச் சோதியுங்கள். சைக்கிட்-லேர்ன் என்ற பைதான் நூலகத்தில் 'குரூப்கேஃபோல்டு' இதற்கென்றே இருக்கிறது. அடுத்த ஆண்டைக் கணிப்பதென்றால் பழைய ஆண்டுகளில் பயிற்சி கொடுத்து, பிந்திய ஆண்டில் சோதியுங்கள். மதிப்பெண் சட்டென்று இறங்கும். இறங்கட்டும், அதுதான் உண்மையான எண்.

மாடலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இப்படி அட்டவணையாக உள்ள தரவுக்கு ஆம்-இல்லை கேள்விகளாலான பல மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் அல்லது எக்ஸ்ஜிபூஸ்ட் போதும். ஆனால் அதற்கு முன், கடந்த ஐந்து ஆண்டுச் சராசரியையே கணிப்பாக வைத்துப் பிழையைக் கணக்கிடுங்கள். அதை வெல்லாத மாடலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

நூறில் ஐந்து குழந்தைகளுக்கு மட்டும் உள்ள பிரச்சினையில், "யாருக்கும் இல்லை" என்று சொல்லும் மாடலுக்குக்கூட 95 சதவீதத் துல்லியம் வந்துவிடும். அதனால் பாதிக்கப்பட்டவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது, பிடித்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் என்று தனித்தனியே பாருங்கள். ஏழை வீடுகளுக்கும் வசதியான வீடுகளுக்கும் பிரித்தும் பாருங்கள்.

அப்புறம், எந்த உள்ளீடு முக்கியம் என்று மாடல் காட்டும் பட்டியலைக் காரணப் பட்டியலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் டிவி இருப்பது மேலே வரலாம். டிவி கொடுத்தால் குழந்தை வளரும் என்று அதற்குப் பொருளில்லை.

இணையத்தில் மக்கள் தேடும் சொற்களை வைத்து ஃப்ளூ பரவலைக் கணிக்க 2008இல் தொடங்கிய கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ், 2012-13 பருவத்தில் ஃப்ளூ போன்ற காய்ச்சலுக்காக மருத்துவரிடம் போனவர்களின் விகிதத்தை உண்மையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாகக் கணித்தது. உங்கள் மாடலும் நாளடைவில் உண்மையிலிருந்து நகர்ந்துபோகும். எனவே ஒவ்வொரு கணிப்பையும் வெளியிட்ட தேதியோடு மாற்ற முடியாதபடி சேமியுங்கள். அறுவடைக் கணக்கோ புதிய கணக்கெடுப்போ வந்ததும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஐந்தாண்டுச் சராசரியைவிடப் பிழை பெரிதானால், மறுபயிற்சி முடியும்வரை அந்தச் சராசரியையே கொடுங்கள்.