பழைய அமெரிக்க நாணயங்களின் கழுகு: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாணயத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது, விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், பிவிசி உறையில் போட்டு வைக்கக் கூடாது. இதெல்லாம் சேகரிக்கத் தொடங்கிய முதல் வாரமே யாராவது சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன். 1794 முதல் 1807 வரை பிலடெல்பியா நாணயச் சாலையில் அடித்த வெள்ளி, தங்கக் காசுகளின் பின்பக்கக் கழுகைப் படிக்கத் தெரியாமல் புதியவர்கள் பணத்தை இழப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆரம்பத்தில் என்னிடமும் இருந்த தவறுகள்தான் பல. அவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வருடத்தை மட்டும் பார்த்து விலை பேசுவது

அந்தக் காலத்துக் காசுகளில் முக்கியமாக இரண்டு கழுகுகள் உண்டு. முதலில் வந்தது சின்னக் கழுகு: ஒல்லியான உடம்பு, விரித்த சிறகு, வெள்ளிக் காசுகளில் சுற்றிலும் இலை வளையம். அது நோஞ்சானாக இருக்கிறது என்று அப்போதே குறை சொன்னார்கள். அப்புறம் வந்தது, 1782-இல் ஏற்றுக்கொண்ட அரசு முத்திரையைப் பின்பற்றிய பெரிய கழுகு: மார்பில் கேடயம், அலகில் எழுத்துப் பட்டை, தலைக்கு மேல் நட்சத்திரங்களும் மேகங்களும்.

எல்லாக் காசுகளிலும் ஒரே ஆண்டில் கழுகு மாறிவிடவில்லை. இரண்டரை டாலர் தங்கக் காசில் 1796-லேயே பெரிய கழுகு வந்துவிட்டது. வெள்ளி டாலரில் 1798, அரை டாலரில் 1801, கால் டாலரில் 1804. மாறிய ஆண்டில்தான் சிக்கல். 1798 டாலர் இரண்டு கழுகிலும் இருக்கிறது. சின்னக் கழுகு உள்ளது அரிது, விலையும் கூடுதல். 1798 ஐந்து டாலர் தங்கக் காசில் சின்னக் கழுகு இருந்தால் அது கோடீஸ்வரர்களின் சமாச்சாரம். உலகில் இருப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

1795 என்று போட்ட ஐந்து டாலர் காசில் பெரிய கழுகும் உண்டு. புதியவர்கள் அதைப் பார்த்ததும் போலி என்று ஒதுக்குகிறார்கள். போலி இல்லை. நல்ல எஃகு கிடைப்பது அன்று பெரும்பாடு. வருடம் பழசானாலும் அச்சு உடையும்வரை பயன்படுத்தினார்கள். 1795 தலைப்பக்க அச்சோடு பிற்பாடு செய்த பெரிய கழுகு அச்சை ஜோடி சேர்த்து, சில ஆண்டுகள் கழித்து அடித்த காசு அது. அதனால் காசில் இருக்கும் ஆண்டு, காசு அடித்த ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. காசைத் திருப்பிப் பாருங்கள், கழுகைப் பாருங்கள், பிறகு விலை பேசுங்கள்.

"வீக் ஸ்ட்ரைக்" என்ற சொல்லை நம்புவது

காசை அடிக்கும்போதே அச்சு சரியாக விழாததைத்தான் 'வீக் ஸ்ட்ரைக்' என்பார்கள். என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது இதுதான்.

நியூ ஜெர்சியில் ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போயிருந்தபோது, நம்ம ஊர்த் தம்பி ஒருவர் 1795 டாலரைக் கொண்டுவந்து காட்டினார். சின்னக் கழுகு. மார்பு வழுவழுவென்று, ஓர் இறகுகூடத் தெரியவில்லை. "அண்ணா, இது தேய்ஞ்சது இல்ல. வீக் ஸ்ட்ரைக். வித்தவரே சொன்னார்" என்றார். புழக்கத்துக்கே போகாத காசுக்கு உரிய விலையில் பாதிக்கு மேல் கொடுத்திருந்தார்.

விற்றவர் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் அது ஆபத்து. அந்தக் காலத்துக் கழுகுக்கு மார்பு சரியாக விழாமல் போவது சகஜம். தலைப்பக்கத்தில் பெண்ணின் தலைமுடி அச்சில் ஆழமாக வெட்டியிருக்கும். அதற்கு நேர் பின்னால் கழுகின் மார்பும் ஆழம். கொழுக்கட்டை அச்சில் மாவு போதாவிட்டால் ஆழமான இடம் மொழுக்கென்று நிற்பதுபோல, நடுவில் இருக்கும் வெள்ளி இரண்டு பக்கக் குழிகளையும் ஒரே நேரத்தில் நிரப்பப் போதாது. ஆட்கள் இழுத்துச் சுற்றிய திருகு அச்சு இயந்திரம் வேறு. அழுத்தம் அடிக்கு அடி மாறும். ஆகவே ஒருநாள்கூடப் புழங்காத காசிலும் மார்பு தட்டையாக இருக்கலாம். ஆனால் தட்டையான மார்பெல்லாம் அப்படி வந்ததில்லை. இருநூறு வருடம் கைமாறித் தேய்ந்த மார்பும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும்.

பிரித்துப் பார்க்க மூன்று இடம் சொல்கிறேன். ஒரே ஒரு மேசை விளக்கும், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற கைக்கண்ணாடியும் போதும்.

முதலில் மார்பை விட்டுவிட்டு மற்ற மேடான இடங்களைப் பாருங்கள். சிறகின் மேல் விளிம்பு, தொடை, இலைகளின் நடு நரம்பு, தலைப்பக்கத்தில் கன்னமும் நெற்றியோர முடியும். இவை கூர்மையாக இருந்து மார்பு மட்டும் தட்டை என்றால் அச்சு விழாதது. எல்லாம் சேர்ந்து மழுங்கியிருந்தால் தேய்மானம். தம்பியின் காசில் சிறகு விளிம்பு மழுங்கி, இலைகள் நிழல்போல இருந்தன. கன்னம் கண்ணாடிபோல வழுக்கியது.

அடுத்து, மார்பின் தட்டையான இடத்தில் வெள்ளி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அச்சு எட்டாத இடத்தில், அடிப்பதற்கு முன்பிருந்த வெற்று வில்லையின் சொரசொரப்பு அப்படியே நிற்கும். பெரும்பாலும் அங்கேதான் இணைகோடுகளாக அரத்தின் தடமும் தெரியும். சட்டப்படி ஒரு டாலர் 416 கிரெய்ன், அதாவது 26.96 கிராம் இருக்க வேண்டும். எடை கூடிய வில்லையை அரத்தால் ராவிக் குறைத்த பிறகே அடித்தார்கள். அச்சு நன்றாக அழுத்திய இடத்தில் அந்தக் கோடுகள் நசுங்கி மறையும். அழுத்தம் எட்டாத மார்பில் தங்கிவிடும். காசு புழங்கித் தேய்ந்தால் முதலில் அழிவதும் மார்பில் உள்ள கோடுகள்தான். அதனால் மார்பில் அரத் தடம் தெளிவாக இருப்பது நல்ல சகுனம்.

இதையே தலைகீழாகப் புரிந்துகொண்டு, 'கீறல் விழுந்த காசு' என்று அடிமாட்டு விலைக்கு விற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். பின்னால் விழுந்த கீறல் எழுத்து, கழுகு, வெற்றிடம் எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு போகும். ஓரத்தில் உலோகம் சற்றே எழும்பி நிற்கும். அரத் தடத்தில் அந்த எழுச்சி இருக்காது.

மூன்றாவது ஒளி. விளக்கின் கீழ் காசை மெதுவாகச் சாய்த்துச் சுற்றினால், புழங்காத காசில் ஒளி சக்கரம்போல் ஓடும். தேய்ந்த மார்பில் வந்ததும் அது அறுந்து, அந்த இடம் சாம்பல் நிறமாகத் தெரியும். தம்பியின் காசில் ஒளி ஓடவே இல்லை.

அவர் காசைத் திருப்பிக் கொடுக்கப் போனார். 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்று பதில் வந்தது. விற்பவர் எதைச் சொன்னாலும் பரவாயில்லை, தட்டையான மார்புக்கு அவரிடம் காரணம் கேட்காதீர்கள். சிறகையும் இலையையும் கேளுங்கள்.

இதைவிட மோசமான ஏமாற்று ஒன்று உண்டு: தேய்ந்த மார்பில் இறகுகளைப் புதிதாகச் செதுக்கி விற்பது. லூப்பில் பார்த்தால் செதுக்கிய இறகு, உளி போன இடத்தில் பள்ளமாக இருக்கும். அச்சில் விழுந்த இறகு மேடாக எழும்பி நிற்கும். பக்கத்துச் சிறகைவிட மார்பு துல்லியமாக இருந்தால், உடனே காசைக் கீழே வையுங்கள்.

அம்பு தப்பான காலில் இருக்கிறது, அதனால் போலி

அரசு முத்திரையில் கழுகின் வலது காலில் ஆலிவ் கிளை, இடது காலில் அம்புகள். நாணயச் சாலையின் தலைமைச் செதுக்குநர் ராபர்ட் ஸ்காட் செய்த பெரிய கழுகு நாணயங்களில் இது இடம் மாறியிருக்கும்: பார்க்கும் நமக்கு இடப்பக்கம் அம்பு. போர்க்குணத்தைக் காட்ட மாற்றினார், கவனக்குறைவால் மாறியது என்று இரண்டு கதையும் சொல்வார்கள். எதுவானாலும் அசல் காசில் அப்படித்தான் இருக்க வேண்டும். 1807-இல் அவருடைய உதவிச் செதுக்குநர் ஜான் ரைக் செய்த புதிய கழுகில்தான் கிளையும் அம்பும் முத்திரையில் உள்ளபடி திரும்பின. அந்த முந்தைய காசுகளில் அம்பு 'சரியான' காலில் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மதிப்பைக் கழுகுப் பக்கத்தில் தேடுவது

அன்றைய டாலர், அரை டாலரில் மதிப்பு விளிம்பில் எழுத்தாகச் சுற்றி ஓடும். வழவழ விளிம்போ வரிவரி விளிம்போ இருந்தால் வாங்க வேண்டாம். 1796 கால் டாலரில் மதிப்பு எங்குமே கிடையாது.

செப்புக் காசில் கழுகு

இருக்காது. 1792 நாணயச் சட்டம் கழுகைக் கேட்டது வெள்ளிக்கும் தங்கத்துக்கும் மட்டும்.

1804 டாலர்

1804-இல் அடித்த டாலர்களில் முந்தைய ஆண்டுதான் போட்டிருந்தது. 1804 என்று போட்டவற்றை முதன்முதலாகச் செய்ததே 1830-களில், சயாம் மன்னர் போன்றோருக்குப் பரிசளிக்க. மொத்தம் தெரிந்தவை இருபதுக்கும் குறைவு. மேசையில் ஒன்றை வைத்து உங்களிடம் விலை சொன்னால், எடைகூடப் போட்டுப் பார்க்க வேண்டாம்.