பழைய ஸ்கோப்பைத் திறந்தால்: உதிரிகளின் பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி?

கும்பகோணத்தில் என் பட்டறைக்கு வரும் பழைய ஆசிலோஸ்கோப் (மின் சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி), சிக்னல் ஜெனரேட்டர் எல்லாம் பெரும்பாலும் பாலிடெக்னிக் ஏலத்தில் எடுத்தவை. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கமிருந்து வந்தால் உப்புக்காற்றில் உதிரிகளின் கால்களில் களிம்பு ஏறி, மேலே உள்ள எழுத்தும் மங்கியிருக்கும். அதற்காகக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருப்பதில் முக்கால்வாசியைக் கழற்றாமலே அடையாளம் காணலாம்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பெரிய கண்டன்சர்களை ஒரு ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் வோல்ட் இல்லை என்று பார்த்த பிறகு கை வையுங்கள். பிக்சர் டியூபுக்குப் போகும் ஒயரில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருந்திருக்கும். பழக்கமில்லாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மங்கிய எழுத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், மிச்ச மையும் போய்விடும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தாலே பல எண்கள் தெரியும்.

ஐரோப்பிய டிரான்சிஸ்டரில் முதல் எழுத்து ஏ என்றால் அது ஜெர்மானியத்தில் செய்தது, பி என்றால் சிலிக்கானில் செய்தது. ஏ.சி.128, பி.சி.107 இரண்டையும் பார்த்தாலே புரியும். இன்னும் பழைய ஓ.சி.71 ஜெர்மானியம்தான். எழுத்தே இல்லையா? உதிரியின் ஒரு காலை மட்டும் போர்டிலிருந்து தூக்கிவிட்டு மீட்டரை டயோடு ரேஞ்சில் வையுங்கள்: 0.2, 0.3 வோல்ட் காட்டினால் ஜெர்மானியம், 0.6க்கு மேல் காட்டினால் சிலிக்கான். வால்வில் (பழைய கண்ணாடிக் குழாய் உதிரி) இ.சி.சி.83 என்றிருந்தால், இ என்பது 6.3 வோல்ட் ஹீட்டர், இரண்டு சி என்பது இரண்டு டிரையோடு.

அமெரிக்கப் பெட்டிகளில் கம்பெனி தன் சொந்த எண்ணைப் போட்டிருக்கும். டெக்ட்ரானிக்ஸில் 151 என்று தொடங்கினால் டிரான்சிஸ்டர், 152 டயோடு, 156 ஐ.சி. 151-0190 என்பது கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 2என்3904தான். ஹெச்.பி.யில் (ஹியூலெட்-பேக்கார்டு) 1854 என்.பி.என். வகை டிரான்சிஸ்டர், 1853 பி.என்.பி. வகை, 1820 ஐ.சி. சர்வீஸ் மேனுவலின் உதிரிப் பட்டியலில் பல நேரம் அசல் எண்ணும் இருக்கும்.

ஐ.சி.யில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 7408 என்பது ஐ.சி.யின் எண்ணாகவும் இருக்கலாம், 1974இன் 8ஆம் வாரம் என்ற தயாரிப்புத் தேதியாகவும் இருக்கலாம். எஸ்.என். போன்ற எழுத்து முன்னால் இருந்தால் அது ஐ.சி.யின் எண். 7474 போலக் கடைசி இரண்டு இலக்கம் 53ஐத் தாண்டினால் அது தேதியாக இருக்கவே முடியாது. அப்புறம், எல்லா ஐ.சி.யும் 74, 75 என்று தேதி காட்டும்போது ஒன்று மட்டும் 8312 என்றால், யாரோ பின்னால் மாற்றியிருக்கிறார்கள். அந்த இடத்தில் என்ன ஐ.சி. இருக்க வேண்டும் என்பதைச் சர்க்யூட் படத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.