இணையதளச் செய்தியோடை: முகவரியைக் கண்டறிந்து சேர்த்துக்கொள்ளும் முறை

விரும்பிப் படிக்கும் தளங்களை நாள்தோறும் ஒவ்வொன்றாகத் திறந்து, புதிதாக ஏதேனும் வந்திருக்கிறதா என்று பார்க்கும் வேலையைச் செய்தியோடை மிச்சப்படுத்துகிறது. ஒரு தளம் தனது அண்மைய பதிவுகளின் தலைப்பு, இணைப்பு, வெளியான நேரம், சுருக்கம் அல்லது முழு உரை ஆகியவற்றை எக்ஸ்.எம்.எல். என்னும், மென்பொருள்கள் படிக்கத்தக்க வடிவிலான கோப்பாகத் தொகுத்து வைத்திருக்கும், அதுவே ஓடை. ஓடைகளைப் படிப்பதற்கென நாம் பயன்படுத்தும் திரட்டி என்னும் மென்பொருள் அக்கோப்பை அவ்வப்போது எடுத்துப் பார்த்து, புதியவற்றை நம் முன் வைக்கும். இதற்காக நம் மின்னஞ்சல் முகவரியைத் தளத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை. எதைப் படிப்பது என்பதையும் நாமே தீர்மானிக்கிறோம். வாசகருக்கு இவ்வளவு மதிப்பளிக்கும் ஏற்பாடு இணையத்தில் அரிது என்றே கருதுகிறேன்.

1999இல் தோன்றிய ஆர்.எஸ்.எஸ்., 2005இல் தர நிர்ணயம் பெற்ற 'ஆட்டம்' (Atom) என ஓடைக்கு இரு வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. திரட்டிகள் இரண்டையும் படிக்கும் என்பதால், எது கிடைத்தாலும் போதும்.

முதலில் ஒரு திரட்டியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். உலாவியிலும் கைப்பேசியிலும் படிக்க ஃபீட்லி, இனோரீடர் போன்றவை உள்ளன. கணினியிலேயே வைத்துக்கொள்ள விரும்புவோர், மின்னஞ்சலுக்கான தண்டர்பேர்ட் மென்பொருளில் ஓடைகளுக்கெனத் தனிக் கணக்கு தொடங்கலாம்.

பலரும் தயங்கி நிற்பது ஓடையின் முகவரியைத் தேடும் இடத்தில்தான். தளத்தின் அடிப்பகுதியில் செம்மஞ்சள் நிறச் சதுரத்தில் வெண்ணிற வளைகோடுகள் கொண்ட சின்னம் இருந்தால், அதன் இணைப்பை நகலெடுத்துத் திரட்டியில் ஒட்டினால் போதும். சின்னம் இல்லாவிட்டாலும் ஓடை இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். தளத்தின் முகப்பு முகவரியையே திரட்டியில் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே ஓடையைக் கண்டுபிடித்துவிடும். அதுவும் பலிக்காதபோது, வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளமாயின் முகவரியின் இறுதியில் சாய்கோடிட்டு 'ஃபீட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்க்கலாம். பிளாகர் வலைப்பூவாயின் 'ஃபீட்ஸ்', 'போஸ்ட்ஸ்', 'டிஃபால்ட்' ஆகிய மூன்று சொற்களையும் அதே வரிசையில் சாய்கோடிட்டுச் சேர்க்க வேண்டும். ஒரு காலத்தில் தமிழ்மணம் போன்ற திரட்டிகள் நூற்றுக்கணக்கான தமிழ் வலைப்பூக்களை ஒரே பக்கத்தில் காட்டியதும் இத்தகைய ஓடைகளைக் கொண்டுதான்.

நாளொன்றுக்குப் பல பதிவுகளை இடும் செய்தித்தளத்தை முழுமையாகச் சேர்த்தால், படிக்காதவை மலைபோல் குவியும். வேர்ட்பிரஸ் தளங்களில் ஒவ்வொரு பகுப்புக்கும் தனி ஓடை உண்டு. பகுப்புப் பக்கத்தின் முகவரியோடு அதே 'ஃபீட்' சொல்லைச் சேர்த்து, வேண்டிய பகுப்பை மட்டும் பெறலாம். பழைய பதிவுகள் வரவில்லையே என்று குழம்பவும் தேவையில்லை. ஓடையில் அண்மையவை மட்டுமே இருக்கும். வேர்ட்பிரஸின் இயல்பான அமைப்பில் அது பத்துப் பதிவுகள்.

நாம் சேர்த்த ஓடைகளின் பட்டியல் ஓரளவு வளர்ந்ததும், திரட்டியின் அமைப்புகளில் உள்ள ஏற்றுமதி வசதியைக் கொண்டு அதனை ஓ.பி.எம்.எல். என்னும் பட்டியல் வடிவக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்வது அவசியம். பெரிதும் விரும்பப்பட்ட திரட்டியான கூகுள் ரீடரே 2013 ஜூலை 1 அன்று நிறுத்தப்பட்டது. கையில் அக்கோப்பு இருந்தால், எந்தத் திரட்டி மூடப்பட்டாலும் வேறொன்றில் அதை இறக்குமதி செய்து, எல்லா ஓடைகளையும் ஒரே முறையில் சேர்த்துக்கொள்ளலாம்.