முடிவு தெரிந்த கதையில் பாத்திரத்தை நடக்கவிடுவது எப்படி

கடலூர், புதுச்சேரிப் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குக் கர்ண மோட்சம் கூத்து வைத்தால், கர்ணன் சாகப்போகிறான் என்பது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் பாயை விரித்துப்போட்டு விடிய விடியப் பார்ப்பார்கள். விதியை வைத்துக் கதை எழுத வருகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். முடிவை ஒளித்து வைக்காதீர்கள். ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டினால் அது திடீர்த் திருப்பம், விதி ஆகாது. வரப்போவது வாசகருக்கும் பாத்திரத்துக்கும் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதுதான் கதை.

எழுத உட்கார்ந்ததும் அந்த விதியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். யார் சொன்னது, என்ன சொல்லில் சொன்னது, எப்போது பலிக்கும், மூன்றும் அதில் வர வேண்டும். "இவனுக்கு நேரம் சரியில்லை" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எட்டாவது பிள்ளையால் சாவு என்று அசரீரி கணக்குச் சொன்னதால்தான் கம்சனுக்குச் செய்ய வேலை கிடைத்தது. மார்க்கண்டேயனுக்குப் பதினாறு வயது, சத்தியவானுக்கு ஓராண்டு. எண்ணும் நாளும் இருந்தால் பாத்திரம் தானாக நகரும். 2,000 சொல் சிறுகதை என்றால் இந்த வாக்கியம் முதல் 200 சொல்லுக்குள் வந்துவிடட்டும். தள்ளிப்போனால் அதுவரை எழுதியது எல்லாம் முன்னுரையாகக் கிடக்கும்.

சொல்கிறவர் ஜோசியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டும் ஒரு வாக்குத்தான். 1ஆம் எண்ணிலிருந்து 11ஆம் எண்வரை அதற்கும் பலன் உண்டு. டாக்டர் கையில் கொடுக்கும் ஸ்கேன் ரிப்போர்ட், அப்பா விட்டுப்போன கடன் பத்திரம், பிறந்த தெருவின் பெயர், எல்லாமே முன்கூட்டி எழுதி வைத்தவைதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஜாதகத்தை நம்பாமல் இருக்கலாம், ரிப்போர்ட்டை அப்படித் தள்ள முடியாது. நம்புவதா வேண்டாமா என்ற போராட்டம் கதைக்கு வேண்டுமென்றால் ஜோசியரை வையுங்கள். அது வேண்டாம் என்றால் ரிப்போர்ட் போதும்.

அதற்குக் கீழேயே இன்னொரு வரி: இந்த ஆள் எதை விரும்புகிறார்? விதி அந்த விருப்பத்தில் போய் இடிக்க வேண்டும். எதற்கும் ஆசைப்படாத ஆள் விதியை ஏற்றுக்கொண்டால் யாருக்கும் வலிக்காது.

அடுத்தது, எதிர்வினையைப் பங்கு பிரிப்பது. இதைக் கற்றுக்கொள்ளப் புதுச்சேரியிலேயே பாடம் இருக்கிறது. பாரதி 1908இல் அங்கே போய்ச் சேர்ந்தவர்; பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912இல் வந்தது. அந்தச் சபையில் நான்கு பேர் ஒரே விதிக்கு நான்கு விதமாக நிற்கிறார்கள். தருமன் தம்பிகள் தடுத்தும் விதி என்று சொல்லிச் சூதாடப் போனவன். பீமன் அந்த அண்ணன் கையை எரிக்கத் தழல் கேட்கிறான். அர்ச்சுனன் "கட்டுண்டோம், பொறுத்திருப்போம், காலம் மாறும்" என்கிறான். பாஞ்சாலி அழுதுகொண்டே நியாயம் கேட்கிறாள், பிறகு கூந்தலை வைத்துச் சபதம் போடுகிறாள். நான்கையும் ஒரே ஆளுக்குள் திணித்திருந்தால் அவன் வெறுமனே குழம்புகிறவனாகத் தெரிந்திருப்பான். உங்கள் கதையிலும் குறைந்தது இரண்டு பேரையாவது எதிரெதிராக நிறுத்துங்கள்.

ஏற்றுக்கொள்வதை எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். பெரும்பாலான கதைகள் இங்கேதான் படுத்துவிடுகின்றன. பாத்திரம் திண்ணையில் உட்கார்ந்து பெருமூச்சு விடும். எழுதியவர் அதை ஞானம் என்று நினைத்திருப்பார். கர்ணனைப் பாருங்கள். இந்திரன் கேட்டதும் கவச குண்டலத்தை அறுத்துக் கொடுக்கிறான். நாகாஸ்திரத்தை இரண்டாம் முறை தொடுப்பதில்லை என்று குந்திக்கு வாக்குக் கொடுக்கிறான். கூத்தில் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற்றுக்கொண்டு களத்துக்குப் போகிறான். கடைசியில் கிழ வேதியனாக வந்த கண்ணனுக்குச் செய்த புண்ணியம் அத்தனையையும் தாரை வார்க்கிறான். ஒவ்வொன்றும் ஒரு செயல், ஒவ்வொன்றும் அவன் சாவை ஒரு படி கிட்டே கொண்டுவருகிறது. உங்கள் பாத்திரத்துக்கும் இப்படி மூன்று செயலாவது வேண்டும். மூன்றிலும் அவர் கையை விட்டு ஏதாவது போக வேண்டும்.

செய்து பார்ப்போம். இடம் கடலூர்க் கடற்கரையில் தேவனாம்பட்டினம். விதி: "கார்த்திகை முடியறதுக்குள்ள உன் வீட்டுக்காரனுக்குத் தண்ணியில கண்டம்" என்று ஜோசியர் ஒரு மீனவன் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவனுக்கும் தெரியும். முதல் வரைவு இப்படி வரும்: "அவள் மனம் பதறியது. விதியை வெல்ல யாரால் முடியும் என்று ஏங்கினாள்." இதை அடித்துவிட்டு அவள் கைக்கு ஒரு வேலை கொடுங்கள்:

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை அரிசிப் பானைக்குள் அமுக்கி மூடினாள்.

"கயிறு எங்க வச்ச?"

"வலைக்குள்ள பாருய்யா."

வலைப்பக்கம் அவன் போகவே இல்லை. நேரே பானையைத் திறந்து கயிற்றை எடுத்தான். ஒட்டியிருந்த அரிசியைப் பானைக்குள்ளேயே தட்டிவிட்டான்.

"பொழுது ஏறதுக்குள்ள வந்துடறேன். சோத்த வடிச்சி வையி."

விதி என்ற சொல்லே இதில் இல்லை. அவள் எதிர்க்கிறாள், அவன் ஏற்கிறான், இரண்டும் ஒரு கயிற்றில் தெரிகின்றன.

இங்கிருந்து எதிர்ப்பு மூன்று வழியில் போகலாம். கயிறு கிடைக்கவில்லை என்று காட்சியை மாற்றி, அவன் ஓட்டைப் படகு ஒன்றில் ஏறிப்போய் அதனாலேயே கண்டம் வந்தால், அது கம்சன் வழி: தடுத்ததே வரவழைத்தது. இதற்குக் காரண காரியம் இறுக்கமாக இருக்க வேண்டும். அவள் ஒளித்திருக்காவிட்டால் நடந்திருக்காது என்று வாசகர் உறுதியாகச் சொல்ல முடிய வேண்டும். இரண்டாவது சாவித்திரி வழி. நூறு பிள்ளை கேட்டாள், எமன் தந்தான், கணவன் இல்லாமல் அது எப்படி என்று மடக்கினாள். இந்த வழியில் போனால் தப்பிக்கும் ஓட்டை முதலில் எழுதிய அந்த விதி வாக்கியத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். "தண்ணியில" என்பது கடல்தானா? கெடிலம் ஆறாகவும் இருக்கலாமே. மூன்றாவது, தோற்போம் என்று தெரிந்தும் நிற்பது. இதற்கு உத்தி ஏதும் வேண்டாம், நிற்கும் காரணம் மட்டும் போதும்.

தற்செயலுக்கும் ஒரு அளவு உண்டு. பாத்திரத்துக்குக் கெடுதல் செய்யும் தற்செயல் ஒன்று இருக்கலாம். காப்பாற்றும் தற்செயல் ஒன்றுகூடக் கூடாது.

விதியை நிறைவேற்றுவதற்காகப் புயலையோ அலையையோ கடைசிப் பக்கத்தில் கூப்பிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியையும் 2011 டிசம்பர் 30இல் கரையேறிய 'தானே' புயலையும் உடம்பில் வாங்கிய ஊர் இது. வாசிப்பவர் வீட்டில் இழப்பு இருக்கும். தொழில் காரணமும் உண்டு. புயல் எல்லார் மேலும் விழும். விதி இந்த ஒருவருடைய ஆசையைக் குறிபார்த்து வர வேண்டும். புயல் வேண்டியே ஆக வேண்டும் என்றால் தொடக்கத்திலேயே கூண்டை ஏற்றிவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டும் படகைத் தள்ளுகிறவரைப் பற்றி எழுதுங்கள்.

விதி பெரிதா முயற்சி பெரிதா என்று தீர்ப்புச் சொல்லும் ஆசை கடைசிப் பத்தியில் வரும். ஊழைவிட வலியது எது என்று கேட்கும் 380ஆம் குறளும், அந்த ஊழையே புறங்காண்பவரைச் சொல்லும் 620ஆம் குறளும் ஒரே நூலில்தான் இருக்கின்றன. அந்தப் பத்தியை வெட்டிவிடுங்கள்.

திருத்தும்போது சிவப்புப் பேனாவை எடுத்து, விதி, தலையெழுத்து, கர்மா என்று வரும் சொல்லையெல்லாம் அடியுங்கள். வாக்குச் சொன்ன முதல் வாக்கியத்தை மட்டும் விடுங்கள். அடித்த இடத்தில் ஓட்டை விழுந்தால், அங்கே பாத்திரம் ஒன்றும் செய்யாமல் நிற்கிறது என்று பொருள். பேனாவை மாற்றிக்கொண்டு அந்த இடத்துக்கு ஒரு செயலை எழுதுங்கள்.