வீட்டு ஆல்பத்துல இருக்கற பழைய கட்டடப் போட்டோவ காப்பி எடுக்கறது எப்படி?

இடிஞ்சு போன ஒரு கட்டடத்தோட வாசல் எப்படி இருந்துச்சுன்னு தேடினா, பல நேரம் அது யாரோ ஒருத்தர் வீட்டு குரூப் போட்டோவுல, ஆளுங்களுக்குப் பின்னாடிதான் கிடைக்கும். இங்கிலாந்துல போர் நடந்து குண்டு விழுந்துட்டிருந்த 1941ல நேஷனல் பில்டிங்ஸ் ரெக்கார்டுன்னு கட்டடங்களைப் பதிவு பண்ற ஒரு அமைப்பை ஆரம்பிச்சு, புதுசா படம் எடுத்ததோட நிக்காம, தனி ஆளுங்ககிட்ட இருந்த படங்களையும் காப்பி எடுத்து சேத்தாங்க. ஒரு ஸ்கேனர் இருந்தா நீங்களும் ஆரம்பிக்கலாம்.

ஸ்டெப் 1: அனுமதி. படம் ஒருத்தர்கிட்ட இருக்கறதால காப்பிரைட்டும் அவரோடதுன்னு ஆகாது, பெரும்பாலும் அது எடுத்தவருக்கோ அவர் வாரிசுக்கோதான். அதனால ரெண்டு பக்கமும் கேட்டு, காப்பி எடுக்கலாமா, ஆவணக் காப்பகத்துக்குக் குடுக்கலாமா, ஆன்லைன்ல போடலாமான்னு தனித்தனியா எழுதி வாங்கிடுங்க. முடிஞ்சவரை ஒரிஜினல் அவங்க வீட்டை விட்டு வெளிய வரவே வேண்டாம், ஸ்கேனரை நீங்க தூக்கிட்டுப் போங்க.

ஸ்டெப் 2: கையாளறது. ஓரத்தைப் பிடிச்சுத் தூக்குங்க. ஆல்பத்துல ஒட்டியிருந்தா பிய்க்காதீங்க, பக்கத்தோட அப்படியே ஸ்கேன் பண்ணிடுங்க. 1950களுக்கு முந்தின ஃபிலிம் நெகட்டிவ் நைட்ரேட்டா இருக்கலாம், சட்டுன்னு தீப்பிடிக்கும், சூடான லைட்டுகிட்ட வைக்காம விவரம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க.

ஸ்டெப் 3: ஸ்கேன். பிரிண்ட்டுக்கு 600 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளிங்கற கணக்கு), கையடக்கமான சின்னப் படம்னா 1200. கறுப்பு வெள்ளையா இருந்தாலும் கலர்லயே எடுங்க, பழுப்பேறினது, கறை எல்லாம் பதியணும். ஆட்டோ கரெக்‌ஷன், ஷார்ப்பன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு தரம் குறையாத டிஃப் (TIFF) ஃபைலா சேவ் பண்ணுங்க, அனுப்பறதுக்கு மட்டும் ஜேபெக். பின்பக்கத்தை மறக்காதீங்க, ஸ்டூடியோ சீலும் பென்சில்ல எழுதின வருஷமும் அங்கதான் இருக்கும்! ஆளுங்க முகத்துக்காக ஓரத்தை கிராப் பண்ணவே கூடாது, நமக்கு வேண்டிய தூணும் ஜன்னலும் அந்த ஓரத்துலதான் நிக்குது.

ஸ்டெப் 4: விவரம். என்னைக் கேட்டா ஸ்கேனை விட இதான் முக்கியம், ஏன்னா பேர் இல்லாத கட்டடப் படம் யாருக்கும் உதவாது. எந்தக் கட்டடம், எங்க, ஏறக்குறைய எந்த வருஷம், எந்தத் திசையில இருந்து எடுத்தது, இப்ப அது நிக்குதான்னு படம் குடுத்தவர்கிட்ட அங்கயே உக்காந்து கேட்டு எழுதுங்க. அவர் உறுதியா சொன்னதையும் நீங்க ஊகிச்சதையும் கலந்துடாதீங்க.

கடைசியா, ஃபைலை மூணு காப்பி வைங்க, ஒண்ணு வேற இடத்துல. படம் குடுத்தவருக்கும் அன்னிக்கே ஒரு காப்பி பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டு வாங்க.