‘டிட்’ வந்த பிறகு ‘வென்ட்’ எதற்கு?

திருவையாற்றில் என் வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நீட்டிய நோட்டில், இருபது வயதில் நான் செய்த தவறு அப்படியே உட்கார்ந்திருந்தது. ‘கோ’வின் இறந்தகாலத்தை ‘கோட்’ என்று எழுதுவதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நாலு முறை திருத்தினால் போய்விடும்.

டிட் நாட் வென்ட்

பட்டம் வாங்கிய புதிதில் தஞ்சாவூரில் ஒரு நேர்முகத் தேர்வு. முந்தின நாளே வர வேண்டியவன் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். ‘ஐ டிட் நாட் காட் த லெட்டர்’ என்றேன். கேட்டவர் பேனாவின் மூடியைத் திருகி மூடினார். ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் வேலை அது. அவரைக் குறை சொல்ல முடியாது.

குற்றம் நாம் ஒப்பிக்க வைக்கும் அட்டவணையில் இருக்கிறது. ‘கோ, வென்ட், கான்’ என்று ராகம் போட்டுச் சொல்ல வைக்கிறோம். நடுச்சொல்லை எங்கே வைக்கக் கூடாது என்று சொல்வதில்லை. ‘நேற்று’ என்று பார்த்ததும் பிள்ளை நடுச்சொல்லுக்கு ஓடுகிறது. தமிழும் இங்கே கைகொடுப்பதில்லை. ‘நேற்றுப் போகவில்லை’, ‘இன்று போகவில்லை’ இரண்டுக்கும் நமக்கு ஒரே சொல். காலத்தைத் தேடிப் பழக்கமில்லாத பிள்ளை, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு இடத்தில் ஒட்டிவிடுகிறது.

முறைவைத்துத் தண்ணீர் விடுவது போலத்தான் இதுவும். டிட் தன் முறையை எடுத்துக்கொண்டால் அடுத்த மடை மூடிவிடும்: ‘ஐ டிட் நாட் கோ.’ கேள்வியிலும் ‘டிட் யூ சீ’தான், ‘டிட் யூ சா’ இல்லை. எனக்கு எரிச்சல் அந்தப் பெண் மேல் இல்லை. அவள் எழுதிய வாக்கியத்துக்குக் கீழே சிவப்பு மையில் ஏற்கெனவே ‘குட்’ என்று போட்டிருந்தது.

கட், புட், ஷட்

இறந்தகாலத்திலும் மாறாது. ‘கட்டட்’ வேண்டாம்.

ரீட்

இறந்தகாலத்திலும் எழுத்து அதேதான், வாய் மட்டும் ‘ரெட்’ என்று சொல்ல வேண்டும்.

காவிரி பறக்காது

‘ஃப்ளோ’ கடைசியில் ஈ, டி சேரும் ஒழுங்கான வினை. ‘ஃப்ளோன்’ பறக்கிற ‘ஃப்ளை’க்கு உரியது. கொள்ளிடம் கரைபுரண்டதை ‘ஓவர்ஃப்ளோன்’ என்று எழுதினால், ஆற்றுக்கு மேலே விமானம் போனதாகிவிடும்.

சாய்ந்த நெல்

அறுவடை நேரத்து மழையில் சம்பா நெல் சாய்ந்து கிடந்தது என்றால் ‘லே’. கோழி முட்டை இட்டது என்றால் ‘லெய்ட்’. இடுவதன் நிகழ்காலமும் ‘லே’ என்பதால் நானே எழுதுமுன் ஒரு நொடி நிற்கிறேன். ‘த பேடி லெய்ட்’ என்று எழுதி வருகிறவனிடம், ‘எத்தனை முட்டை, தம்பி?’ என்று கேட்கிறேன்.